பூஜையில் வைத்த சாவி

நான் பயந்தாங்கொள்ளி. சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. கேஸை மூடினேனா இல்லையா என்று சந்தேகம் வந்து, பாதி வழியில் ஆட்டோவைத் திருப்பச் சொல்லி டிரைவரிடம் திட்டு வாங்கியவள். அப்படிப்பட்ட என்னிடம்தான் ஒரு பெட்டியின் சாவியைக் கொடுத்து வைத்திருந்தார்கள்.

பெட்டி என்றால் இரும்புப் பெட்டி இல்லை. சிதம்பரத்தில் இன்ஜினியரிங் முடித்த இரண்டு பேர் முந்திரிக்காக ஒரு பிளாக்செயின் கம்பெனி தொடங்கினார்கள். அண்ணாகிராமம் பக்கத்துத் தோப்பில் விளைந்த கொட்டை எது, கப்பலில் வந்து இறங்கிய கொட்டை எது என்று மூட்டை மூட்டையாகப் பதிந்து வைப்பார்கள். பதிந்ததை யாராலும் அழிக்கவோ மாற்றவோ முடியாது. வெளிநாட்டில் வாங்குகிறவன் அதைப் பார்த்துவிட்டுக் கூடுதல் விலை கொடுப்பான். ஆரம்பத்திலேயே பணம் போட்ட எங்களுக்கு அவர்கள் பங்குக்குப் பதிலாக டோக்கன் கொடுத்தார்கள். கம்ப்யூட்டருக்குள் மட்டும் இருக்கிற நாணயம் அது. எங்கள் எல்லாருடைய டோக்கனும் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பெட்டியில் இருந்தது. அதற்கு மூன்று சாவி. ஏதாவது இரண்டு சாவியால் கையெழுத்துப் போட்டால்தான் பெட்டி திறக்கும்.

ஒரு சாவி என்னிடம். நான் கடலூரில் ஒரு தனியார் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவள் என்பதால் எனக்கு அந்தப் பெருமை. இன்னொன்று சிதம்பரத்தில் மோட்டார், பம்ப்செட் கடை வைத்திருப்பவரிடம். விவசாயக் குடும்பத்தில் பிறந்து கடைக்கு வந்தவர். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். மூன்றாவது சாவி பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவரிடம். அவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவரும் கடைக்காரரும் ஒருவரையொருவர் மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

பணம் போடுவதற்கு முன், கம்பெனி தொடங்கிய அந்த இரண்டு பேரையும் நான் பாடாய்ப் படுத்தினேன். பயந்தவள் கேட்கிற கேள்வியை வேறு யாரும் கேட்க முடியாது. “டோக்கன் விலை பூஜ்யமாப் போச்சுன்னு வச்சுக்குங்க. அப்பவும் முந்திரி வியாபாரி உங்க பதிவுக்குக் காசு குடுப்பானா?” என்று கேட்டேன். வேறு ஆளாக இருந்தால் திரையில் ஏறுமுகமாக ஒரு கோடு போட்டுக் காட்டியிருப்பான். இவர்கள், “தெரியல மேடம், கேட்டுட்டு வர்றோம்” என்று போனார்கள். கொஞ்ச நாள் கழித்து வியாபாரிகளையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். நாணயம் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு அர்த்தம். எனக்கு அவர்களிடம் இரண்டாவது அர்த்தம்தான் பிடித்தது.

இன்னொன்றும் பிடித்தது. டோக்கன் முழுவதையும் உடனே தரமாட்டார்கள். நான்கு வருஷத்துக்கு மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பெட்டிக்குள் வந்து விழும். விழுந்ததையும் அந்தக் காலம் முடியும்வரை தொடுவதில்லை என்று எங்களுக்குள் பேச்சு. லாட்டரிச் சீட்டு மனசுக்காரர்கள் எல்லாம் அந்த இடத்திலேயே கழன்றுகொண்டார்கள். பலா வைத்தவன் மறுநாள் போய்ப் பழம் தேட மாட்டான் என்று நான் எல்லாருக்கும் வியாக்கியானம் சொன்னேன்.

ஆனால் அதில் என் தம்பியின் பணம் இருந்தது. அவன் கடலூர் ஓல்டு டவுன் பக்கம் ஒரு கெமிக்கல் கம்பெனியில் வேலை பார்த்தவன். மூச்சுக் கோளாறு வந்து, டாக்டர் இனி அந்த வேலை ஆகாது என்று சொன்ன பிறகு கணக்கு முடித்துக்கொண்டு வெளியே வந்தான். கையில் வந்ததில் பெரும்பகுதியை இதில் போட்டான். மிச்சத்தில் வீட்டு வாசலில் ஒரு செல்போன் ரீசார்ஜ் கடை வைத்தான். பெட்டி காலியானால் அவனுக்கு வேறு வழி கிடையாது, திரும்பவும் அந்த கேட்டுக்குள்தான் போகவேண்டும். மற்றவர்கள் போட்டது போனால் வருத்தம். அவன் போட்டது போனால் அவன் நெஞ்சு போய்விடும். நான் பெட்டியை நினைத்துப் பயந்ததெல்லாம் அவனை நினைத்துப் பயந்ததுதான்.

ஆயுத பூஜை அன்று லீவு. துணி காயப்போட்டுவிட்டு வந்து உட்கார்ந்து போனில் ஒவ்வொருவர் ஸ்டேட்டஸாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டோவுக்குப் பொட்டு, மாவு மிஷினுக்குப் பொட்டு, ஒரு பல் டாக்டர் பல் பிடுங்குகிற குறடுக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தார். அடுத்து கடைக்காரரின் ஸ்டேட்டஸ். வாழையிலை போட்டு, பொரி கடலை பரப்பி, தராசு, ஸ்பேனர், டிரில்லிங் மிஷின், பில் போடுகிற மிஷின் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் படம் பிடித்திருந்தார். நடுவில், பென்டிரைவ் அளவில், சந்தனம் குங்குமத்தோடு எங்கள் பெட்டியின் சாவி.

நான் சிரித்தேன். அப்புறம் அதன் பக்கத்தில் இருந்ததைப் பார்த்தேன்.

அது ஒரு ஸ்டீல் தகடு. சாவி தொலைந்தாலோ உடைந்தாலோ அதே மாதிரி இன்னொன்று செய்துகொள்வதற்காக இருபத்து நாலு இங்கிலீஷ் வார்த்தைகள் கொடுப்பார்கள். அதை அந்தத் தகட்டில் குத்தி லாக்கரில் பத்திரமாக வைப்பது வழக்கம். அந்த வார்த்தைகள் யாரிடம் இருக்கிறதோ, சாவி அவரிடம் இருக்கிறது என்று அர்த்தம். அது எந்தப் பெட்டிக்கான சாவி என்று கண்டுபிடிப்பதும் விஷயம் தெரிந்தவனுக்குப் பெரிய வேலை இல்லை. படத்தை விரல்களால் பெரிதாக்கினேன். முதல் வார்த்தையைத் தெளிவாகப் படிக்க முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் படிக்க முடிந்தது. அதற்கு மேல் படிக்கவில்லை.

போன் போட்டேன். “அண்ணே, மொதல்ல அந்த ஸ்டேட்டஸ எடுங்க. தகடு தெரியுது.”

“எந்தத் தகடு? ஓ, அதுவா. அதுவும் தொழிலுக்கு உண்டானதுதானேம்மா. லாக்கர்ல கெடக்குதே, வருஷத்துக்கு ஒரு நாள் வெளிய எடுத்துப் பொட்டு வைக்கலாம்னு...” என்று இழுத்தார். நான் சொன்னது அப்போதுதான் அவருக்கு ஏறியது. “எடுத்துட்டேன் தங்கச்சி. ஆனா பாரு, சாமி காப்பாத்திடுச்சி. கடைசி ரெண்டு வார்த்த மேல குங்குமம் அப்பியிருக்கு. தெரியவே தெரியாது.”

“கம்ப்யூட்டர் அந்த ரெண்டையும் கண்டுபிடிச்சிடும்ணே. எத்தனை பேர் பாத்திருக்காங்க?”

“அது ஒரு நூத்துக்கு மேல காட்டுச்சும்மா.”

நூறு பேர். கஸ்டமர், பிளம்பர், போர் போடுகிறவர், ஒரு தடவை நம்பர் வாங்கிக்கொண்டு போனவர்கள். அதில் யார் யார் என்று அவருக்கே தெரியாது. தெரு அமைதியாகத்தான் இருந்தது. நான் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினேன். ஒரு சாவி வெளியே போய்விட்டது, இனி திருடனுக்குத் தேவை இன்னொன்று. அது என் வீட்டில் மாதா படத்துக்குப் பின்னால் இருக்கிறது. அதுவரை அந்த வீட்டில் அப்படி ஒரு பொருள் இருப்பதாகவே எனக்கு உறைத்ததில்லை. இப்போது வீடு முழுக்க அது ஒன்றுதான் இருப்பது போலிருந்தது.

இதற்கு வழி இருந்தது. வெளியே போன சாவியைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிய சாவி ஒன்றைச் சேர்க்கலாம். அதற்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். பரங்கிப்பேட்டைக்காரருக்கு அடித்தேன், எடுக்கவில்லை. டியூட்டிக்குள் போனால் போனை கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், சாயங்காலம்தான் கிடைப்பார். திரும்பவும் சிதம்பரத்துக்கே அடித்தேன்.

“அண்ணே, உடனே உங்க சாவிய எடுத்து, சாவி மாத்தறதுக்கு விண்ணப்பம் போடுங்க. நான் இங்கேருந்து கையெழுத்துப் போடறேன்.”

“இன்னாம்மா நீ. பூஜைல வச்சத எப்பிடி எடுக்கறது? நாளிக்குக் காலைல மறுபூஜ போட்டுத்தான் எடுக்கணும். ஸ்பேனரக்கூட இன்னிக்குத் தொடமாட்டோம். கஸ்டமர் மோட்டார் ஓடலன்னு அழுதாலும் நாளிக்குத்தான்.”

எனக்கு வந்த கோபத்தில் போனை விட்டெறிந்திருப்பேன், இ.எம்.ஐ. பாக்கி இருந்ததால் எறியவில்லை. “நாளிக்கு எடுக்கறதுக்கு உள்ள எதுவும் இருக்காதுண்ணே” என்று கத்தினேன். அவர் வெலவெலத்துப்போய், “இரு, வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்” என்று வைத்துவிட்டார். என் வீட்டுக்காரர் டிவி பார்த்தபடி, யார் செத்தது என்று கேட்டார். அவருக்கு டோக்கன் என்றால் ஆஸ்பத்திரி டோக்கன்தான்.

மாதா படத்துக்குப் பின்னாலிருந்து சாவியை எடுத்தேன். அவசரத்துக்கென்று எங்கள் மூவரிடமும் பிரிக்காத புதிய சாவி ஒவ்வொன்று உண்டு; அலமாரியில் இருந்த என்னுடையதையும் எடுத்தேன். இரண்டையும் கர்சீப்பில் சுற்றி, கைப்பையின் அடியில் சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழே வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன்.

சிதம்பரம் பஸ்ஸில் முன்னால் வாழைக்கன்று கட்டி, கண்ணாடி முழுக்கச் சந்தனம் தெளித்திருந்தார்கள். நல்ல கூட்டம். ஜன்னலோர இடம் கிடைத்தது. பக்கத்தில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் வந்து உட்கார்ந்தான். அவன் போனைப் பார்த்தான், பிறகு என் பையைப் பார்த்தான். நான் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவனும் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தான். என்னைப் பார்த்து அவனுக்குத்தான் பயம் வந்திருக்க வேண்டும். ஆலப்பாக்கம் தாண்டும்போது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை. திரும்பவும் வந்தது. இந்தத் தடவை எடுத்தேன். “மேடம், பர்சனல் லோன் தேவைப்படுதா?” என்றாள் ஒரு பெண். வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு லோன்காரிக்கு நன்றி சொல்லி வைத்தேன்.

வைத்த கொஞ்ச நேரத்தில் போனில் இன்னொன்று வந்தது. பெட்டியிலிருந்து வந்த செய்தி. சாவி மாற்றுவதற்கான விண்ணப்பம் ஒன்று உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. கடைக்காரரின் சாவியால் போடப்பட்டது.

அப்பாடா என்று இருந்தது. மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது, வீட்டில் அந்த அண்ணி நாலு வார்த்தை சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். நான் என் கையெழுத்தைப் போட்டால் வேலை முடிந்தது. புதுச்சத்திரத்தில் இறங்கி அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடலாம். பையைத் திறந்து டப்பாவை நகர்த்தி, கர்சீப் முடிச்சில் கை வைத்தேன். பக்கத்திலிருந்தவன் திரும்பிப் பார்த்தான்.

இவன் முன்னால் சாவியை எடுப்பதா? பிடுங்கிக்கொண்டு குதித்துவிட்டால்? அவன் யாரோ எவனோ. கையை வெளியே எடுத்துக்கொண்டேன். கடைக்காரருக்கு அடித்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. சரி, ஒன்றும் முழுகிப்போகவில்லை, நேரில் போயே போடலாம் என்று பையை மூடிவிட்டேன். பயந்தாங்கொள்ளியாகப் பிறந்ததற்கு எனக்கு அன்றைக்குத்தான் ஒரு பலன் கிடைத்தது, ஆனால் அது அப்போது எனக்குத் தெரியாது.

கடையில் சாம்பிராணிப் புகை அடங்கியிருந்தது. ஷட்டரைப் பாதி இறக்கி வைத்திருந்தார்கள். கடைக்காரர் ஸ்டூலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எனக்குப் பொரியும் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

“நல்ல வேளைண்ணே, விண்ணப்பம் போட்டுட்டீங்க. பஸ்லயே பாத்தேன்” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். “எதப் போட்டேன்?”

“சாவி மாத்தறதுக்குத்தான். உங்க சாவியாலதானே வந்துச்சு.”

“நான் தொடவே இல்லையே தங்கச்சி. பாரு, வச்சது வச்ச மாதிரி கெடக்கு.”

வாழையிலையைப் பார்த்தேன். சாவி அங்கேயே இருந்தது. காலையில் படத்தில் பார்த்த அதே இடம். சந்தனம் காய்ந்து விரிசல் விட்டிருந்தது, வயர் செருகுகிற துளையின் மேலே குங்குமம் அப்படியே அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்திருந்தால் அது உதிர்ந்திருக்கும்.

பம்ப்செட் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் திறந்து படித்தேன். கடைக்காரரின் சாவியை மாற்றச் சொல்லி அதில் எழுதியிருக்கவில்லை. பரங்கிப்பேட்டைக்காரரின் சாவியை எடுத்துவிட்டு, நாங்கள் கேள்விப்படாத ஒரு சாவியைச் சேர்க்கச் சொல்லியிருந்தது. நான் பஸ்ஸில் கையெழுத்துப் போட்டிருந்தால், திருடனிடம் இரண்டு சாவி இருந்திருக்கும். பெட்டியும், இனி மாதாமாதம் அதில் விழப்போவதும் எல்லாம் அவனுடையது. பூஜைச் சாமானைத் தொடமாட்டேன் என்று இந்த மனிதர் அடம் பிடிக்காமல் இருந்திருந்தால், அது அவர் போட்டதில்லை என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? அவரும் ஒன்று போட்டிருப்பார், அவனும் ஒன்று போட்டிருப்பான், அவசரத்தில் நான் எதில் கை வைத்திருப்பேனோ.

“அண்ணே, இப்ப எடுத்தே ஆகணும்.”

அவர் சாவியைப் பார்த்தார். சாமி படத்தைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது. முப்பது வருஷமாக மீறாத ஒன்று அது. “அப்பா காலத்துலருந்து...” என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். அவர் மனைவிதான், “நீங்க எடுக்க வேணாம். அவுங்க எடுக்கட்டும். அவுங்க வேதக்காரங்கதானே, அவுங்களுக்கு ஏது மறுபூஜ?” என்றாள்.

அப்படித்தான் நான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசைக்குப் போகிறவள், சரஸ்வதி படத்துக்கு முன்னாலிருந்து சாவியை எடுத்தேன். எடுப்பதற்கு முன் மனசுக்குள் இரண்டு பக்கமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். துளைக்குள் இருந்த குங்குமத்தை ஊக்கால் சுரண்டினேன். வயரைச் செருகினேன், விளக்கு எரியவில்லை. ஊதிவிட்டு மறுபடியும் சுரண்டினேன். மூன்றாம் தடவை எரிந்தது. ரகசிய எண்ணை அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. சாமி படத்தைப் பார்த்துக்கொண்டே, ஒவ்வொரு இலக்கமாக, பாவமன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார்.

அவருடைய பழைய சாவியை நீக்கிப் புதியதைச் சேர்க்க விண்ணப்பம் போட்டு, அவர் சாவியாலும் என் சாவியாலும் கையெழுத்துப் போட்டேன். திரையில் சிறு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைக்காரரின் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வட்டம் நின்றது. முடிந்தது என்று வந்தது. திருடனுடைய விண்ணப்பம் அதோடு செத்தது.

“ஆள் யாரா இருக்கும்?” என்று கேட்டார். எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. அந்தக் கடைக்கு வந்து போகிற யாரைப் பார்த்தாலும் எனக்கு இப்போதும் அவனாக இருக்குமோ என்று தோன்றும்.

திரும்பி வரும்போது உடம்பு முழுக்க அடித்துப்போட்டது போல இருந்தது. வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. தம்பியிடம் சொல்லவேண்டும். அவனிடம் எதையும் காட்டிக்கொள்ளாமல், உன் பணம் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டு, அவன் கையால் ஒரு காபி குடித்துவிட்டு வந்தால் போதும் என்று இருந்தது. ஓல்டு டவுனில் இறங்கினேன். வெயில் சாய்ந்திருந்தது. ரீசார்ஜ் கடை மூடியிருந்தது. லீவு நாள், மூடியிருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பி மனைவி கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “வாங்க அண்ணி” என்று சொல்லிவிட்டு வழி விடாமல் நின்றாள்.

“தம்பி இல்லையா?”

“வெளிய போயிருக்காரு.”

“கோயிலுக்கா?”

அவள் கதவை லேசாகச் சாத்தப் பார்த்தாள். உள்ளே கொடியில் ஒரு காக்கிச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது. கம்பெனிச் சட்டை. அவன் வெளியே வந்த அன்று அதை எல்லாம் துடைக்கிற துணியாக்கப் போகிறேன் என்று சிரித்திருந்தான். இது அது இல்லை, புதுசு.

“எப்போலேருந்து?” என்று கேட்டேன்.

“போன மாசம் அண்ணி. கான்ட்ராக்ட்லதான். லீவு நாள்ல போனா சம்பளம் ஜாஸ்தி, அதான் இன்னிக்கும். கடைல ஒண்ணும் ஓடல. நீங்க வச்சிருக்கறது நாலு வருஷம் கழிச்சு வரட்டும், அது வரைக்கும் திங்கணும்லன்னாரு.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அக்காகிட்ட மட்டும் சொல்லாத, அது பயந்துக்கும்னு சொன்னாரு.”

நான் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒருத்தன் கைக்குப் போய்விடாமல் காப்பாற்றிவிட்டேன் என்று காலையிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்திருக்கிறேன். எதற்குப் பயந்தேனோ அது ஒரு மாதத்துக்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. பெட்டி நிறைய இருந்தது. அதிலிருந்து ஒரு வாய் காற்றுகூட அவனுக்கு எடுத்துக் கொடுக்க முடியாது. உள்ளே வாங்க அண்ணி என்று அவள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.

தெருமுனையில் இருமல் கேட்டது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான், ஏறி மிதிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் நின்றான். சிரிக்கப் பார்த்தான்.

“இன்னாக்கா...” என்றான். மீதியைச் சொல்ல அவனுக்கு மூச்சு வரவில்லை.